அண்ணனை நான் வலைக்கு மேலே தூக்கிய கதை

விளையாட்டு வீரர்களை வரைந்து பிழைக்கும் எனக்கு எந்த விளையாட்டும் ஆடத் தெரியாது. யாராவது வீட்டுச் சாவியைத் தூக்கிப் போட்டால்கூடக் கண்ணை மூடிக்கொண்டு விலகி நிற்பேன். பத்திரிகைக்காரர்கள், "ஓடுகிற உடம்பை இவர் போல வரைய ஆளில்லை" என்று மேடையில் பாராட்டும்போது தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். (எங்கே அண்ணனைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்கிற பயம் அது.)

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஒரு சிற்றூரில் வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் ஜன்னலோர இருக்கை. மைதானத்தில் பையன்கள் பந்து விளையாடுவார்கள்; நான் கணக்கு நோட்டின் ஓரத்தில் அவர்களை வரைவேன். பந்து எங்கே போனது, யார் ஜெயித்தார்கள் என்பதில் எனக்கு அக்கறை கிடையாது. குதித்தவன் கீழே இறங்குவதற்கு முன்னால் ஒரு நொடி காற்றில் நிற்பானே, அது போதும். அந்த ஒரு நொடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் மணி அடிக்கும் வரை வெளியே வரமாட்டேன். பிறகு ஊர்க் கிளப்புகளின் பலகைகளில் வீரர்களை வரைந்து கொடுத்தேன். அதைக் கண்டுதான் சென்னையில் ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

புகைப்படம் எல்லார் போனிலும் இருக்கிறது, இனி ஓவியத்துக்குத்தான் மதிப்பு என்பது அவருடைய கட்சி. எனக்கு ஒரு முழுப் பக்கம். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், 'நேரில் கண்டு வரைந்தது' என்று போடுவதாகச் சொன்னார். "அந்த மூணு வார்த்தைதான்மா நம்ம மானம்" என்றார்.

முதல் வேலை எங்கள் ஊர் வாலிபால் இறுதிப் போட்டி. எங்கள் கிளப்புக்கும் கோட்டுகால் கடற்கரைப் பையன்களுக்கும். அவர்கள் ஒவ்வொருவரும் தென்னங்கன்று மாதிரி இருந்தார்கள். எங்கள் பக்கம் மாற்று ஆட்டக்காரனாகப் பலகையில் உட்கார்ந்திருந்தவன் என் அண்ணன் ஜஸ்டின். ஐந்தடி நாலங்குலம். டயர் கடையில் வேலை. கோடு போடுவதும் தண்ணீர் கொண்டுவருவதும்தான் அதுவரை கிளப்புக்கு அவன் செய்த சேவை. அன்றைக்கு முன்வரிசையில் ஆடியவனுக்குக் கால் பிசகவே, கடைசி நேரத்தில் அண்ணனை இறக்கினார்கள்.

நான் கோட்டோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ரப்பர் மரங்களுக்குப் பின்னால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. செம்மண்ணில் வலையின் நிழல் நீளமாக, கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. ஆட்டக்காரர்களின் கால்கள் அதற்குள் வருவதும் போவதுமாக இருந்தன. தூசி பொன்னாகப் பறந்து அவர்களின் முழங்காலைச் சுற்றி நின்றது. நிழல் வலையில் மீன்கள் அகப்பட்டுத் தப்பிப்பது மாதிரி இருந்தது எனக்கு. மீன்களை வரையத் தொடங்கினேன். சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலக் கேட்டது.

விசில் ஒலித்தது. நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணனைத் தோளில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "கடைசிப் பாயிண்டு யாருக்கு அண்ணே?"

"ஒனக்க அண்ணனாக்கும் எடுத்தான்" என்று சொல்லிவிட்டு அவரும் ஆட ஓடிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனையே கேட்டேன். "எப்படிண்ணே அடிச்ச?"

அவன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டே, "என்னத்த அடிச்சேன். வந்துது, போச்சு" என்றான்.

என்ன பணிவு என்று நினைத்துக்கொண்டேன். (ஏன் தலையைத் தடவுகிறான் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.) படம் அன்றைக்கே போக வேண்டும். காணாத அந்த நொடியைக் கண்ணை மூடிக் கண்டேன். அண்ணன் எழும்பினான். எழும்பிக்கொண்டே இருந்தான். முதுகு வில்லாக வளைந்தது, கை பின்னால் போனது, பந்து நிலா மாதிரி அவனுக்காகக் காத்துநின்றது. வலையின் மேல் விளிம்பு அவன் இடுப்புக்கு வந்தது. நிறுத்த எனக்கு மனமில்லை.

அந்தப் பத்திரிகை எங்கள் பக்கம் வராது. அண்ணன் களியக்காவிளைக்குப் போய் வாங்கிவந்தான். சமையலறை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தான்.

"ஷீபா, இது ஆரு?"

"நீதான்."

"நான் சாடவே இல்லியே பிள்ள. அம்ம எங்க இரிக்கான்னு திரும்பிப் பாத்துட்டு தரையிலதான் நின்னேன். பந்து மண்டையில விழுந்து அந்தப் பக்கம் போச்சு." போனில் கிளப்பு குரூப்பில் கிடந்த வீடியோவைக் காட்டினான். அப்படியேதான் நடந்திருந்தது. பந்து பட்டதும் அண்ணன், யார் அடித்தது என்று கோபமாகப் பின்னால் திரும்பிப் பார்ப்பதுகூட அதில் இருந்தது.

"ஆசிரியருக்குப் போன் பண்ணிச் சொல்லீருதேன்" என்றேன்.

அண்ணன் படத்தின் மேல் விரலை வைத்தான். "இரிக்கட்டு. கொஞ்ச நாளு இரிக்கட்டு."

ஒரு வாரத்தில் ஆசிரியரே கூப்பிட்டார். குரலில் பெருமை வழிந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஆலையின் வாலிபால் பயிற்சியாளர் படத்தைப் பார்த்தாராம்; பையனை நேரில் பார்க்க வருகிறாராம்; தேறினால் ஆலையில் நிரந்தர வேலை. "நேரில் கண்டு வரைந்ததுதானேன்னு ரெண்டு தடவை கேட்டார். ஆமான்னு சொன்னேன்" என்றார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமா சார்" என்றேன்.

அண்ணன் குதிக்க ஆரம்பித்தான். டயர் கடைச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, பஞ்சர் ஒட்டும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் குதித்தான். ஒரு நாள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். "ஷீபா, சாடுனா ஒருவேள அம்புட்டு எழும்புவேனோ? நீ எதையோ கண்டுதானே வரச்சிருப்ப?"

எழும்ப மாட்டாய் என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ அவன் கெண்டைக்காலைப் பார்த்தேன். வரைவதற்கு நல்ல கால். "எழும்பலாம்ணே" என்றேன்.

பயிற்சியாளர் சனிக்கிழமை காலையில் வந்தார். நரைத்த மீசை, கழுத்தில் விசில், கையில் அளவு நாடா, மடித்த பத்திரிகை. வாசலில் நின்று, கதவுச் சட்டத்தின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அதற்கு வெகு கீழே நின்று வணக்கம் சொன்னான்.

"தம்பி, உங்க அண்ணன் இல்லையா?" என்றார்.

"நான்தான் சார் அண்ணன்."

மைதானத்தில் அம்மாவும் கிளப்புக்காரர்களும் நின்றார்கள். பயிற்சியாளர் வலையின் உயரத்தை அளந்தார், எட்டடி. படத்தைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "குதிங்க" என்றார். முதல் தடவை அண்ணனின் விரல்நுனி வலையின் மேல் பட்டையைத் தொட்டது. இரண்டாவது தடவை அதுவும் தொடவில்லை. மூன்றாவது தடவை அவன் ரப்பர் மரத்தடியிலிருந்து ஓடிவந்தான். அந்தப் படத்தில் நான் வரைந்திருந்த அதே முகம். வலைக்குள் போய் விழுந்தான். கம்பம் சாய்ந்து, வலையோடு சுருண்டு மண்ணில் கிடந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை.

"சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அவன் மேல குத்தம் இல்ல. நான் அந்தப் பாயிண்டக் காணவே இல்ல. தரையில நிழலப் பாத்துட்டு இருந்தேன். இது நானா வரச்சது."

அண்ணன் வலைக்குள்ளிருந்தபடியே போனை நீட்டினான். "உள்ளது இதாக்கும் சார்."

பயிற்சியாளர் வீடியோவைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். மூன்றாவது தடவை மீசை நடுங்கத் தொடங்கி, தோள் குலுங்கி, கடைசியில் கண்ணீர் வர அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷத்துல பந்தைப் பார்க்காமலே பாயிண்ட் எடுத்தவனை இப்பத்தான் பார்க்கேன்" என்றார். பிறகு எழுந்து அண்ணனை வலையிலிருந்து தானே பிரித்தெடுத்தார். வேலை கிடைக்காது என்பதை அவனுடைய தோளில் கைபோட்டுக்கொண்டு தனியே கூட்டிப்போய்ச் சொன்னார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான்.

அன்று முழுக்க நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "பத்து நாளு நல்லா இருந்துது, கேட்டியா" என்றான். நான் அழுதேன்.

ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டேன். "மண்டையில பட்டதை வரைஞ்சிருந்தா அட்டையிலயே போட்டிருப்பேனேம்மா" என்றார் வேதனையோடு. அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்துவிட்டு, உள்ளதை உள்ளபடி வரையச் சொல்லி அதையும் போட்டார். தவறவிட்ட பந்து, வழுக்கி விழுந்த வீரன், பின்னால் திரும்பி முறைக்கும் ஐந்தடி நாலங்குலக்காரன். இவைதான் இன்று வரை எனக்குச் சோறு போடுகின்றன. ஆனால் என் பக்கத்தின் கீழே உள்ள வரியை மட்டும் அவர் மாற்றிவிட்டார்: 'பெரும்பாலும் நேரில் கண்டு வரைந்தது.'

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் இரண்டு அளவு. மீன்காரி ஒரு முழ நீளம் என்றால், "உள்ளதா, வரச்சதா?" என்று கேட்பாள் அம்மா. அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனபோது உயரம் கேட்ட பெண்வீட்டாரிடம், "உள்ளது அஞ்சடி நாலு" என்று அம்மாவே சொன்னாள். இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். தினமும் மதியம் அம்மா போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

"சாப்பிட்டேன்மா. சோறு, மீன்கறி, அவியல்."

"உள்ளதா மக்கா, வரச்சதா?"

பாதி நாள் வரைந்ததுதான்.