மருந்தில்லாத ஊசியும் கடைசி பஸ்ஸும்

எல்லா விதிமுறையும் தெரிந்த ஆளோடு வாழ்வது கஷ்டம் என்று என் மனைவி சொல்வாள். அந்த ஆளாகவே வாழ்ந்து பார்த்தால் தெரியும், அது இன்னும் கஷ்டம்.

எண்பதுகளின் தொடக்கம். இலங்கையில் பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். தோட்டத்துக் கிரிக்கெட் அணிக்கு வேகப்பந்து வீச்சாளரும்கூட (வேகம் என்பது என் சொந்த மதிப்பீடு). ஞாயிறன்று பக்கத்துத் தோட்டத்தோடு இறுதி ஆட்டம். சனிக்கிழமை காலை வலது தோள்பட்டை பூட்டிக்கொண்டது. தலை சீவக்கூடக் கை எழவில்லை.

பதுளைக் கடைவீதியில், புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில், பிசியோதெரபி படித்த மிஸ் ஒருவர் ஊசி குத்தி வலியைப் போக்குகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன்.

"மிஸ், ஊசியில மருந்தக் காணோமே?"

"மருந்து கிடையாது. இறுகிப்போன தசையில ஊசி இறங்கினா துள்ளும். பிறகு தளரும்."

"முறைப்படி ஊசின்னா மருந்து இருக்கணும்."

"முறைப்படி நோயாளின்னா வாயை மூடிட்டுக் குப்புறப் படுக்கணும்."

படுத்தேன். ஊசி இறங்கியதும் தோளுக்குள் தவளை குதித்தது போலத் தசை துள்ளியது. எனக்கு ஒரே பரவசம். விஞ்ஞானம் என் முதுகிலேயே நடக்கிறது! வரிசையாக ஊசிகளை நிறுத்திவிட்டு, "அசையாம கிடங்க, நான் வந்து எடுக்கிறேன்" என்று திரைக்கு அப்பால் அடுத்த நோயாளியிடம் போனார்.

கீழே எங்கள் தோட்டத்துப் பஸ் ஹாரன் அடித்தது. அன்றைக்கு அதுதான் கடைசி. விட்டால் நாளைய ஆட்டம் போச்சு! மருந்தில்லாத ஊசிதானே, பஸ்ஸில் உட்கார்ந்து நானே பிடுங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானித்து, சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு வெற்று மேலோடு படியிறங்கி ஓடினேன்.

சொந்த முதுகுக்குக் கை எட்டாது என்ற விதி மட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் ஏறியதும் பஸ்ஸில் பேச்சு நின்றது. எங்கள் பக்கத்தில் முதுகில் ஊசியோடு ஒருவன் வந்தால் ஒரே அர்த்தம்தான்: முருகனுக்கு நேர்ந்து அலகு குத்தியிருக்கிறான். கண்டக்டர் கைகூப்பி, மதகுருமாருக்கு ஒதுக்கிய முன் சீட்டில் என்னை உட்காரவைத்தார்.

"யாருக்கு நேர்த்திங்க, கிளாக்கரய்யா?" என்றார் எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் காமாட்சி அக்கா.

"நேர்த்தியெல்லாம் இல்லக்கா. தோள்பட்டை வலி."

"அதுக்குத்தான் நேர்ந்தீங்களா?"

"ஐயோ, இது வைத்தியம்! கொஞ்சம் புடுங்கி விடுங்க."

"சாமி ஊசிய நான் தொடுறதா? ஆத்தாடி! எம் புள்ளகுட்டி நல்லா இருக்க வேணாமா?"

பின் சீட்டில் யாரோ "வெற்றிவேல் முருகனுக்கு" என்றார். பஸ் முழுக்க "அரோகரா!" பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் அரோகரா (அந்த மலைப்பாதையில் வளைவைத் தவிர வேறொன்றும் கிடையாது).

பஸ் நின்றபோது சத்தம் கேட்டு தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து சனம் ஓடிவந்தது. தப்பு முழங்கியது. நேரே கோயிலுக்குத்தான் கொண்டுபோனார்கள். பூசாரி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து விபூதி பூசினார். மெதுவாகக் கையைத் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிந்தது. சுழற்றினேன். முழு வட்டம்!

"வலி போயிருச்சு!" என்று கத்தித் தொலைத்தேன். அத்தோடு தீர்ந்தேன்.

"இனி மூணு வருசம் காவடி எடுக்கணும், ஐயா. அதுதான் முறை" என்றார் பூசாரி. முறை என்று சொன்னபின் நான் எப்படி மறுப்பேன்?

மறுநாள் நான் பந்து வீச ஓடிவரும்போதெல்லாம் கூட்டம் அரோகரா போட்டது. எதிரணியின் முதல் ஆட்டக்காரர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைக் கும்பிட்டார். அவருடைய ஸ்டம்ப் பறந்தது. வென்றோம்!

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "முறைப்படி ஊசியத் திருப்பித் தரணும்" என்றார் மிஸ். அவையோ அதற்குள் கோயில் உண்டியலுக்குள் போய்விட்டிருந்தன.

மூன்று வருடமும் அலகு குத்திக் காவடி எடுத்தேன். அந்த ஊசிகளிலும் மருந்து இல்லை.

இன்றும் முழங்கால், இடுப்பு என்று எதைப் பிடித்துக்கொண்டு நான் முனகினாலும், மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுக்கிறாள்:

"சட்டையக் கழட்டிட்டு ஓடுங்க, பஸ் வந்துரும்!"