சிவப்பு நாடா கட்டிய சேம்பு

பிரிஸ்பேனில் படிக்கும் அன்பு மகள் லூபேவுக்கு அப்பா யாக்கோபோ எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நானும் உன் அம்மா மக்கெரிட்டாவும் சுகம், கோழிகள் சுகம், என் முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நான் நடுவில் பொய் சொல்வேன். அதனால்தான் வியாழக்கிழமை விமானம் ஏறும் போதகரம்மாவின் கையில் கடிதமாகக் கொடுத்து அனுப்புகிறேன்.

மகளே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நீ சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போனாயே ஒரு சேம்பு, உலகத்திலேயே இது ஒன்றுதான் என்றாயே, உன் மூன்று வருடப் படிப்பே இதுதான் என்றாயே, அதன் கிழங்கைப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் போதகர் சாப்பிட்டுவிட்டார். அவர்மேல் தப்பில்லை. அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் வெளியூர்ப் பாடகர் குழு பதினான்கு பேர், போகிறோம் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே நம் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சவாய்த் தீவிலிருந்து வந்திருந்த உன் மாமன் செமிசிதான் கல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கொண்டுவந்த இரண்டு கூடைக் கிழங்கும் காணாது என்று பின்பக்கம் போயிருக்கிறான், நாடாவைப் பார்த்திருக்கிறான். நம் ஊரில் ஒரு கிழங்குக்குத் தனியாக அடையாளம் வைத்தால் அது யாருக்கு? பிடுங்கிவிட்டான். நான் கை கழுவிக்கொண்டு வந்தால் நாடா அவன் மணிக்கட்டில் இருக்கிறது.

"செமிசி, அது ஏதுடா?"

"போதகர் கிழங்குல கட்டியிருந்துச்சு மச்சான். அவர் தட்டுல வச்சாச்சு."

ஜெபம் முடிந்து அவர் இரண்டாவது வாய் வைத்துவிட்டார். போதகர் வாயிலிருந்து யார் பிடுங்குவது?

"நாக்கு கொஞ்சம் அரிக்குதே, யாக்கோபோ" என்றார்.

"புது ரகம் ஐயா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். பொய்தான். மத்தியானப் பிரசங்கத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்தார். அது என்ன கிழங்கு, அடுத்த வாரமும் கிடைக்குமா என்று சபையில் நான்கு பேர் என்னைத் தனியாகக் கேட்டார்கள்.

ஆனால் நம்மவர்கள் சேம்பின் தலையைத் தூக்கி எறிவார்களா? கிழங்கை வெட்டி எடுத்துவிட்டு, குருத்தோடு ஒரு சாண் தண்டு விட்டுத் திரும்ப நடத்தானே வைப்போம். செமிசி அதையும் செய்திருந்தான், எல்லாத் தலைகளோடும் சேர்த்து ஒரே குவியலாக! மொத்தம் நாற்பத்துமூன்று. சவாய்ச் சேம்புக்கெல்லாம் உன்னுடையதைப் போலவே கழுத்து தடிப்பு, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் அவன் சாயங்காலக் கப்பலில் போயாகிவிட்டது.

"ஒவ்வொண்ணா லூபேன்னு கூப்பிட்டுப் பாருங்க. எது திரும்புதோ அதான் அவளோடது" என்றாள் உன் அம்மா.

எல்லாவற்றையும் நட்டேன். தினமும் காலையில் பாட்டுப் புத்தகம் படிக்கும் பூதக்கண்ணாடியோடு அவற்றின் முன்னால் குந்திக்கொள்கிறேன். நீ அடுப்படியில் சொன்னபோது பாதிதான் கேட்டேன், இப்போது முழுவதும் மனதில் ஓடுகிறது. குருத்து நுனியில் இலையாகவும் ஆகாமல் தண்டாகவும் ஆகாமல் கொஞ்சம் குருத்தணுக்கள். கீழே ஒரு மரபணு, 'இப்படியே இருங்கள், பெருகுங்கள்' என்று அவற்றை ஊட்டுகிறது. அப்படி வளர்ந்த அணுக்களிலேயே இன்னொரு மரபணு விழித்துக்கொண்டு, 'போதும், அடங்கு' என்று கீழே ஆள் அனுப்புகிறது. உன் அம்மா விருந்தாளிக்கு அள்ளிப் போடுவதும் அவர் தட்டை மூடிக்கொள்வதும் போல. உன் செடியில் அந்தப் 'போதும்' மரபணு கெட்டுப்போய், நுனி அகன்றுகொண்டே போகிறது என்றாய். தன்னை அடக்கும் ஆளைத் தானே ஊட்டி வளர்க்குமா? என்ன வீடு லூபே அது! இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தாத்தா தின்ற கிழங்கின் தலையைத்தான் வெட்டி வெட்டி நட்டு நானும் தின்கிறேன். அப்படியானால் அந்த நுனிக்கு வயது என்ன? எனக்கு அறுபத்தேழில் முழங்கால் போய்விட்டது, அதற்கு எதுவுமே போகாதா? இதற்கு விவரமாகப் பதில் எழுது.

பத்தொன்பதாம் நாள், நான்காவது வரிசையில் ஒன்று இரண்டு இலைகளை ஒன்றாக விட்டது. நடுவில் குருத்து சேவல் கொண்டை மாதிரி அகன்று நின்றது. அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். சுற்றிலும் தகரம் அடித்திருக்கிறேன், கோழி அண்டாது. உன் படிப்பு உயிரோடு இருக்கிறது. அப்பாவை மன்னித்துவிடு.

கர்த்தர் உன் கண்ணையும் நுண்ணோக்கியையும் காப்பாராக. உன்னோடு தங்கியிருக்கும் பெண்களுக்கு எங்கள் அன்பு.

உன் அப்பா,
யாக்கோபோ

பி.கு.: உறையை ஒட்டும்போது செமிசி சவாயிலிருந்து திரும்பவும் வந்து நின்றான். வேலிக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், பன்னிச் சேம்புக்கா தகரம் அடிச்சிருக்கீங்க?"

"உலகத்துலயே இது ஒண்ணுதான்டா!"

"எங்க மேல்தோட்டத்துல ரெண்டு வரிசை கெடக்கு. நாக்கு அரிக்கும், பன்னிதான் தின்னும்."

"அப்புறம் எதுக்குடா போதகருக்கு வச்ச?"

"நாடா கட்டினது நீங்க. உங்களுக்கும் அவருக்கும் என்ன தகராறோ, நான் எதுக்குக் கேக்கணும்?"

"லூபேகிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"அவ பிரிஸ்பேன்ல கேட்டா, நியூசிலாந்துல கேட்டா. மாமன்கிட்ட கேக்கவே இல்லையே."

உனக்காகப் பன்றிகளுக்குப் போடுவதை நிறுத்தி வைத்திருக்கிறானாம். ஒரு கூடை வேண்டுமா இரண்டு கூடை வேண்டுமா, சீக்கிரம் எழுது.