முத்தையாவின் இதயத்தை நான் குணப்படுத்திய விதம்

பட்டியல் போட்டு வாழ்கிறவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. பட்டியலில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்பிவிடுவார்கள். வேறு யாரையும் சொல்லவில்லை, என்னைத்தான். சந்தைப் பட்டியலின் கடைசியில் 'வீடு திரும்புதல்' என்று எழுதி, திரும்பியதும் அதை ஒரு கோடு போட்டு அடித்தால்தான் எனக்கு நிம்மதி.

அறுபதுகளின் தொடக்கத்தில், உடற்பயிற்சி சிகிச்சை படித்த கையோடு, கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கால் முறிந்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் மாதக்கணக்கில் தங்கி மறுபடி நடக்கப் பழகும் வார்டு என் பொறுப்பு. பத்துப் படுக்கை, ஒரு நீள வராந்தா, ஏறி இறங்கப் பதினாலு படி.

அந்த மார்கழியில் யாரோ ஒரு வெளிநாட்டுப் புண்ணியவான் இ.சி.ஜி. இயந்திரம் ஒன்றை அனுப்பிவைத்தார். எங்கள் தலைமை மருத்துவர் எலும்பு டாக்டர். அவரைப் பொறுத்தவரை இதயம் என்பது விலா எலும்புக்குள் குடியிருக்கும் ஒரு வாடகைக்காரர். அவராக வந்து புகார் சொன்னால் ஒழிய விசாரிப்பதில்லை. "நீதான் இதெல்லாம் படிச்சிருக்கியே எஸ்தர், வச்சுக்கோ" என்று இயந்திரத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் அதைப் பழகியது மொத்தம் இரண்டு வாரம். (ஒன்றுமே தெரியாதவள் பயந்திருப்பாள். முழுக்கத் தெரிந்தவள் யோசித்திருப்பாள். இரண்டு வாரம்தான் ஆபத்தான அளவு.)

உடனே பத்தொன்பது அம்சப் பட்டியல் ஒன்று தயாரித்துச் சுவரில் ஒட்டினேன். நோயாளியின் கம்பளியை அகற்று. சட்டையைத் திற. நான்கு துண்டுத் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து இரண்டு மணிக்கட்டிலும் இரண்டு கணுக்காலிலும் சுற்று. மேலே உலோகத் தகடு வை. நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேள். இப்படிப் போகும். காலை ஆறரை மணிக்கு, நடைப்பயிற்சிக்கு முன் ஒரு பதிவு. நடந்து முடித்ததும் இன்னொரு பதிவு. ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கும், சுத்தமான காற்று ஆஸ்பத்திரியின் சட்டம்.

முதலில் அகப்பட்டவர் கவுஞ்சி கிராமத்து முத்தையா. ஐப்பசி மழையில் தன் காட்டு வரப்பிலிருந்து வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு வந்தவர். எலும்பு கூடிவிட்டது. கம்பை ஊன்றிப் பதினாலு படியும் ஏறி இறங்கினால் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பயிற்சிக்கு முன் எடுத்த தாளைப் பார்த்து எனக்கு மூச்சு நின்றது. கோடு முழுக்க நடுக்கம், பொடிப் பொடியான பற்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகக் கிடக்கிறது என்று புத்தகத்தில் இருந்த படம் அப்படியே தாளில் வந்திருந்தது. நடந்துவிட்டு வந்ததும் எடுத்தேன். கோடு சுத்தம். மறுநாளும் அப்படியே. மற்ற நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தேன். முத்தையாவையும் சேர்த்துப் பத்தில் எட்டுப் பேருக்கு அதே கதை.

மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் இயந்திரம் வந்த பிறகு விரலை வைப்பது, பஸ் வந்த பிறகு வத்தலகுண்டுக்கு நடப்பது மாதிரி எனக்குப் பட்டது. ஆகவே, வராந்தாவில் நாற்பது தடவை நடந்தால் கெட்டுப்போன இதயத் துடிப்பு சீராகும் என்று கண்டுபிடித்தேன். அப்பாவுக்குக் கடிதமும் எழுதிவிட்டேன்.

இடையில் ஒரே ஒரு நாள் முத்தையாவின் முதல் தாளே சுத்தமாக வந்தது. அதன் மேல் 'இயந்திரக் கோளாறு' என்று எழுதிக் குப்பையில் போட்டேன்.

தை பிறந்தது. முத்தையா பதினாலு படியும் ஏறி இறங்கிவிட்டார். நான் எலும்பு டாக்டரிடம் ஓடினேன். "கால் சரியாயிருச்சு சார். இதயம் சரியாகல. இன்னும் மூணு வாரம் வேணும்." வாடகைக்காரர் விவகாரத்தில் தலையிட விரும்பாமல் அவர் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும் முத்தையாவின் மனைவி பாப்பம்மா அந்த வாரம் மடியிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். அரை விரல் நீளத்துக்கு முளை.

"விதைக்கெழங்கு, தாயி. நாலு மூட்டை வீட்ல கெடக்கு. எங்க கொழுந்தன்மாரு பாத்தி வெட்டித் தர்றோம்ங்கிறாக. ஆனா காட்டுக்குச் சொந்தக்காரன் வந்து மொதக் கெழங்க ஊனாம மம்பட்டியத் தொட மாட்டாக. எங்க பக்கம் அதான் வழக்கம். வெரசா அனுப்பிவிடுங்க."

"உங்க வீட்டுக்காரருக்கு இதயம் சரியில்லம்மா."

"அதெல்லாம் கட்டினப்பவே தெரியும். அதுக்காக வெள்ளாம நிக்குமா?"

அடுத்த ஞாயிறு இன்னொரு கிழங்கு. முளை ஒரு விரல். "இதுக்கு மேல நீண்டா ஊனும்போதே ஒடிஞ்சு போகும், தாயி" என்றார். நான் பொறுமையாக என் தாள்களைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கிழங்கைக் காட்டினார். அதற்கடுத்த ஞாயிறு கிழங்கு சுருங்கி, முளை கொடியாட்டம் வளைந்திருந்தது. பாப்பம்மா அதை என் பட்டியலுக்கு நேர் கீழே வைத்துவிட்டுப் போனார்.

நான் ஏன் இரங்கவில்லை? மதராசிலிருந்து ஒரு பெரிய இதய மருத்துவர் ஓய்வுக்கு மலைக்கு வந்திருந்தார். புதன்கிழமை என் கண்டுபிடிப்பைப் பார்க்கச் சம்மதித்திருந்தார். முத்தையாதான் என் சிறந்த உதாரணம்.

புதன்கிழமை விருந்தாளி இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளர், அதற்கு மேல் கோட்டோடு வந்தார். அவருக்காக ஆஸ்பத்திரிச் சட்டத்தைத் தளர்த்தி ஜன்னல்களைச் சாத்தி, அறை நடுவில் கரிக் கணப்பு மூட்டியிருந்தார்கள். நான் பத்தொன்பது அம்சங்களையும் உரக்கப் படித்து, முத்தையாவுக்குத் துணியைச் சுற்றி, "இப்ப பாருங்க சார், எவ்வளவு மோசமா இருக்குன்னு" என்று இயந்திரத்தை முடுக்கினேன்.

அதைவிட ஆரோக்கியமான கோட்டை நான் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

கம்பியை இழுத்துப் பார்த்தேன். தகட்டைத் தட்டினேன். முத்தையாவிடம் குனிந்து, "இன்னைக்கு உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றேன், ஏதோ அவர் எனக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி.

"ஒண்ணும் ஆகலம்மா. இன்னைக்குக் குளிரல."

விருந்தாளி தாளைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"தினமும் குளிருமா?" என்றார் மதராஸ் டாக்டர்.

"வெள்ளனே கம்பளிய உருவி, கைகால்ல ஈரத்துணியச் சுத்தி, ஜன்னலத் தொறந்து போட்டா பாறைக்கே நடுக்கம் வரும்ங்கய்யா. நடந்துட்டு வந்தா ஒடம்பு சூடாயிரும், நடுக்கம் நின்னுரும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கலையேம்மா. நெஞ்சு வலிக்குதா, தலை சுத்துதான்னு கேட்டீங்க. குளிருதான்னு கேட்டா சொல்லியிருப்பேன்ல. வைத்தியம்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன். ஒரு நா பல்லக் கடிச்சு அடக்கிக்கூடப் பாத்தேன். தாளப் பாத்து உங்க மொகம் வாடிப்போச்சு. பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

(குப்பையில் கிடந்த அந்தத் தாள் என் கண் முன்னே வந்து நின்றது.)

முத்தையா அதோடு நிறுத்தவில்லை. "சந்தேகமா இருந்தா இந்த ஐயாவுக்குக் கட்டிப் பாருங்க."

பெரிய மனிதர் என்றால் அவர்தான் பெரிய மனிதர். ஜன்னலைத் திறக்கச் சொல்லி, கோட்டையும் ஸ்வெட்டர்களையும் கழற்றிவிட்டுப் படுத்தார். நான் ஈரத்துணி சுற்றினேன். ஊசி தாளில் கூத்தாடியது; ஆட்டுவித்தது இதயமல்ல, குளிரில் நடுங்கும் சதை. முத்தையாவுக்கு வந்த பற்கள் அரிசி என்றால் இவருடையது துவரம்பருப்பு.

தாளைப் பார்த்துவிட்டு அவர் பல் கிடுகிடுக்கச் சொன்னார்: "எனக்கும் அந்த வியாதிதான். வராந்தா எந்தப் பக்கம்?"

எலும்பு டாக்டர் மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். நான் பயிற்சி பெற்றவள். முகத்தை அசைக்காமல் வீட்டுக்கு அனுப்பும் தாளை எடுத்து நிரப்பினேன். நிரப்பும்போதுதான் தெரிந்தது, எழுத்தெல்லாம் என் தாள்களைப் போலவே பொடிப் பொடியாக நடுங்கியிருந்தது.

அன்று மத்தியான பஸ்ஸிலேயே முத்தையா போனார். நாலு மூட்டையில் ஒன்றரை மூட்டை வீணாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். இதை நகைச்சுவைக் கட்டுரையில் மறைத்துவிடலாம்தான். ஆனால் என் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பம்மா ஒரு சாக்கு உருளைக்கிழங்கோடு வந்தார். நான் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் காதில் வாங்காமல் சுவரிலிருந்த பட்டியலைச் சுட்டி, "அதுல என்ன புதுசா கீழே ஒண்ணு?" என்றார். வாசித்துக் காட்டினேன்: 'இருபது: குளிருகிறதா என்று கேள்.'

"அத மேல எழுதுங்க, தாயி" என்று சாக்கை இறக்கிவிட்டுப் போனார். எழுதினேன்.

அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை மட்டும் திரும்ப வாங்க முடியவில்லை. நடந்ததைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் 'நீ சொல்வது தப்பு' என்று சொல்வதில்லை. நான் ஏதாவது ஒன்றை விரல் விட்டு எண்ணி, அடித்துப் பேசத் தொடங்கினால், அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் தம்பியிடம் சொல்வார்:

"அக்காவுக்குக் குளிருது போல. அந்தக் கம்பளிய எடுத்துட்டு வா."