எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரே

திருவொற்றியூர்,
28.3.2004

அன்பு மைத்துனன் மனோகரனுக்கு வேதமாணிக்கம் எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உன் அக்கா இருதயம்மாளும் இங்கே உயிரோடு இருக்கிறோம். வேலூரில் நீயும் பிள்ளைகளும் அவ்வாறே இருப்பீர்களாக.

அக்கா ஃபோனில் சொன்னதைக் கேட்டு ஈஸ்டருக்கு வராமல் இருந்துவிடாதே. நடந்தது இதுதான். ராயபுரத்து ஜெரினா என்ற பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள், நம் கிணற்றில் மெல்லிய கண்ணாடி இழை ஒன்றை இறக்கினாள். அதன் நுனியில் நகத்தளவு படலம். மேலே பெட்டியிலிருந்து நீல வெளிச்சம் போனால் படலம் பச்சையாக ஒளிருமாம். தண்ணீரில் பெட்ரோல், டீசல் கலந்திருந்தால் ஒளி மங்கி, பெட்டியில் எண் இறங்குமாம். நூறிலிருந்து நாற்பத்தொன்றுக்கு இறங்கிற்று. "அங்கிள், லேப் ரிசல்ட் வர வரைக்கும் இந்தத் தண்ணிய யாரும் வாயில வெக்காதீங்க" என்று சொல்லி, இழையையும் பெட்டியையும் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

முப்பத்திரண்டு வருஷம் டயர் கம்பெனியில் மீட்டர் பார்த்தவன் நான். ஒரு பெட்டி சொல்லிற்று என்று பதினொரு வீடு தண்ணீர் எடுக்கிற கிணற்றை மூடுவேனா? இழையை எடுத்து லாரித் தண்ணீர் டிரம்மில் விட்டேன், தொண்ணூற்றெட்டு காட்டிற்று, நான் விடவில்லை, தலைக்கு எண்ணெய் வைத்த கையால் படலத்தைத் துடைத்து மறுபடி அதே டிரம்மில் விட்டேன், ஐம்பது! பிடிச்சேன் பாரு! தேங்காய் எண்ணெய்க்கும் விஷத்துக்கும் வித்தியாசம் தெரியாத மெஷினு! தெருவெல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, கைக்குழந்தைக்காரி, முதல் ஆளாகக் குடத்தோடு வந்தாள். உன் அக்காதான் அடங்கவில்லை. "இன்னாய்யா நீ, மெஷினு பொய் சொல்லும், என் மூக்குமா பொய் சொல்லும்? ரசத்துல பெட்ரோல் நாத்தம் வந்துகினு கீது!"

இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். படலத்தைச் சோப்புப் போட்டு அலசிக் கிணற்றில்தான் விட்டிருக்கிறேன். முப்பத்தெட்டு. முப்பத்தாறு. பெட்டியைத் துண்டு போட்டு மூடினேன். மூடியபின் துண்டைத் தூக்கிப் பார்த்தேன். முப்பத்துமூன்று. ஒன்றுமில்லை, வெயிலாக இருக்கும். தைரியமாகக் குடும்பத்தோடு வா.

பிள்ளைகளுக்கு நோய்நொடி அண்டாதிருக்க வேண்டிக்கொள்ளும்,
உன் அத்தான்,
வேதமாணிக்கம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஜெரினா ரிசல்ட்டோடு வந்தாள். தண்ணீரில் பெட்ரோல் இருக்கிறதாம். பூமிக்கடியில் ஏதோ குழாய் கசிகிறதாம். பதினொரு வீட்டுக்கும் நானே ஓடிப்போய்ச் சொன்னேன். "நேத்து நீதானே நல்ல தண்ணின்னு சொன்ன? கொயந்தைக்குக் கூட குட்த்தனே!" என்றாள் கன்னியம்மா. ஆஸ்பத்திரிக்கு உன் அக்கா அவளையும் குழந்தையையும் கூட்டிப்போய், பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் மூச்சே விட்டேன். நீங்கள் இப்போதைக்கு வரவேண்டாம். கிணற்றின் மேல் பலகை போட்டிருக்கிறேன். யாரும் நகர்த்திவிடக் கூடாதே என்று அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.