ஆளிருக்கு அக்காவின் மூடாத ஃபைல்

எல்லைக் காவலுக்கு ஆள் எடுப்பவர்கள் கொடைக்கானல் பக்கம் வந்ததே இல்லை. வந்திருந்தால் எங்கள் ஆளிருக்கு அக்காவை விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டார்கள். ஒரு கம்பளிக் குல்லா, ஒரு மவுஸ், இவ்வளவுதான் அவருடைய ஆயுதம். அவர் காவல் காத்த இடத்துக்குள் ஒருவரும் நுழைந்ததில்லை, முதலாளி உட்பட.

ஃப்ளெக்ஸ் போர்டும் கல்யாணப் பத்திரிகையும் அச்சடிக்கும் கடையில் அக்கா டிசைனர். நான் பிழை திருத்துபவன். அதாவது அடுத்தவர் தப்பை எடுத்துவிட்டு என் தப்பைப் போடுபவன். நான்கு கம்ப்யூட்டர்கள், நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஃபோல்டர். டிசைன் முழுக்க அதில்தான். ஒருவர் ஒரு ஃபைலைத் திறந்துவைத்திருந்தால் இன்னொருவருக்கு அது திறக்காது. வேறொருவர் உபயோகித்துக்கொண்டிருக்கிறார் என்று திரையில் ஒரு பெட்டி எழும்.

அக்கா தினமும் பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் வருபவர். அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் துண்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம். யாராவது உட்கார வந்தால் பக்கத்து சீட்டுக்காரர் “ஆளிருக்கு” என்பார். அந்தச் சட்டத்தை அக்கா எங்கள் நெட்வொர்க்குக்கும் கொண்டுவந்தார். காலையில் வந்ததும் அன்றைக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு ஃபைல்களையும் வரிசையாகத் திறந்துபோட்ட பிறகுதான் குல்லாவைக் கழற்றுவார்.

ஒருமுறை காட்டேஜ் போர்டு ஒன்றில் ‘வருவோர்க்கு நல்ல அறை கொடுக்கப்படும்’ என்றிருந்தது. பதறிப்போய்த் திருத்தப் போனேன். பெட்டி எழுந்தது.

“அக்கா, அந்த போர்டு ஃபைலைக் கொஞ்சம் மூடுறீங்களா?”

“ஆளிருக்கு தம்பி.”

“டூரிஸ்ட்டை அடிப்போம்னு எழுதியிருக்குக்கா. ‘அறைகள்’னு மாத்தணும்.”

“ஒரு அறையோட போறவனுக்கு எதுக்கு தம்பி நாலஞ்சு?”

எனக்கு வயது ஐம்பத்திரண்டு, தலையில் முடி கிடையாது. இருந்தும் தம்பிதான். போர்டு அப்படியே போனது. காட்டேஜ் நிரம்பி வழிந்ததாகக் கேள்வி.

அக்கா மூடவே மூடாத ஃபைல் ஒன்று உண்டு: பூம்பாறைப் பூண்டுப் பை. ஊர் விவசாயிகளுக்காக அவரே வரைந்தது. படிப்படியாக இறங்கும் வயல்கள், மேலே ஊர்ப் பெயர். அச்சாகிப் போன பிறகும் அதில் ஒரு வரப்பை நகர்த்திக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டேன். “அது எங்க சித்தப்பா வயலு. வரப்பு விசயத்துல அவரு பொல்லாத ஆளு.”

ஒரு நாள் கீழேயிருந்து ஒரு மண்டிக்காரர் வந்தார். அவருடைய பூண்டு எங்கோ வடக்கிலிருந்து லாரியில் வந்தது. கேட்டதோ அதே பை. “படம் இருக்கட்டும், ஊர் பேரும் இருக்கட்டும். போன் நம்பரை மட்டும் மாத்திக் குடுங்க.” எங்கள் முதலாளிக்கு இளகிய மனசு, வந்த வேலையைத் திருப்பி அனுப்பத் தெரியாது.

“ஏத்தா, அந்த ஃபைலை மூடு. இவரு மாத்தட்டும்” என்று என்னைக் காட்டினார்.

“ஆளிருக்குங்க மொதலாளி.”

“யாரு இருக்கா?”

“எங்க ஊரே இருக்கு.”

“வெரசா மூடுத்தா. மனுசன் நிக்கிறாருல்ல.”

“நிக்கட்டுங்க. எடம் இல்லாட்டி நின்னுக்கிட்டுத்தான் வரணும்.”

முதலாளி நேராகப் போய் அக்காவின் கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்தார். அக்காவின் திரை இருண்டது. நான் என் கம்ப்யூட்டரில் ஃபைலைத் தட்டினேன். அதே பெட்டி. மூடாமல் கரண்டை நிறுத்தினால், திறந்திருப்பதற்கு அடையாளமான சின்னப் பூட்டு ஃபைல் ஒன்று ஃபோல்டரிலேயே தங்கிவிடும். ஆளை எழுப்பிவிட்டாயிற்று, துண்டு சீட்டில் கிடக்கிறது.

“என்னய்யா சொல்லுது?”

“ஆளிருக்காம் சார்.”

கம்ப்யூட்டர் தெரிந்த வாசகர்கள் இங்கே கேட்பார்கள்: அந்தப் பூட்டை அழித்திருக்கலாமே, ஃபைலைக் காப்பி எடுத்திருக்கலாமே என்று. செய்திருக்கலாம். அக்காவை விட்டால் அந்தக் கடையில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். அன்றைக்குப் பார்த்து மறந்துபோயிற்று. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே புரட்சி அந்த மறதி.

மண்டிக்காரர் நாலு மணிவரை நின்று பார்த்துவிட்டு மலையிறங்கினார். முதலாளி அக்காவிடம், “நாளையிலேருந்து நீ வர வேணாம்” என்றார்.

“சரிங்க” என்று அக்கா குல்லாவை மாட்டிக்கொண்டார். என் மேஜையருகே ஒரு நிமிடம் நின்றார்.

“வர்றேன் தம்பி. எடத்தப் பாத்துக்கங்க.”

இப்போது அவர் பூம்பாறையிலேயே சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வைத்து ஊர்க்காரர்களுக்குப் பை வரைகிறார். தம்மிடம் ஒரு காப்பி முன்பே எடுத்துவைத்திருந்தாராம். மண்டிக்காரர் அதற்கப்புறம் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் மறந்துபோனேன். முதலாளி இன்னமும் எப்போதாவது கேட்பார், “யோவ், அந்தப் பூண்டு ஃபைல் தொறக்குதா?” என்று. ஃபோல்டரில் அந்தச் சின்னப் பூட்டு கிடக்கும். நான் தொடுவதில்லை.

“ஆளிருக்கு சார்” என்பேன்.