மாமா கொப்பளித்த தேநீர்

இருபத்திரண்டு வருடமாக டீக்கடையில் டீ ஆற்றுகிறவன் நான். என் வீட்டுக்கு வந்தவர்கள் "டீ எப்ப வரும்?" என்று கேட்டார்கள். அதுவும் என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று.

கடை திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள்தான் வாடிக்கை. டீ செங்கல் நிறத்தில் இருந்தால் நல்ல டீ. என் படிப்பு அவ்வளவுதான். (பள்ளிக்கூடப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பேச்சு அதற்கும் முன்பே நின்றுவிட்டது.)

தூள் வாங்குவது பழவங்காடியில், மூன்று தலைமுறையாகத் தேயிலை விற்கிற ஒரு கடையில். ஒருநாள் போனபோது முதலாளி வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியில் எடுத்து 'சர்'ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, வாளியில் துப்பிக்கொண்டிருந்தார். ருசி பார்க்கிறாராம்.

"அண்ணாச்சி, ஒண்ணு குடிச்சு நோக்கணும், கேட்டோ. தூளில்லை, முழு இலையாக்கும்" என்று ஒரு கோப்பையை நீட்டினார்.

பாலும் இல்லை, சீனியும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் குடித்தேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. விழுங்கியபின் தொண்டையில் மெல்ல ஓர் இனிப்பு. மூக்கில் மழை விட்ட தோட்டத்து மணம். இத்தனை வருடம் நான் போட்டதெல்லாம் என்ன என்று சந்தேகமே வந்துவிட்டது. அடுத்த வாரம் வாங்கிய இலையில் ஆரஞ்சுத் தோல் மணந்தது. அதற்கடுத்த வாரத்து இலையில் விறகுப் புகை.

அந்த மயக்கத்தில்தான் பெண் பார்க்கும் நாளில் அறிவித்தேன்: "இன்னைக்குப் பால் வாங்க வேண்டாம்."

"வாரவங்களுக்குக் கசாயமா குடுக்கப் போறீங்க?" என்றாள் என் மனைவி பகவதி.

"நீ பேசாம இரி." (வீட்டுக்குள் மட்டும் எனக்கு வாய் உண்டு.)

நிறம் தெரியட்டும் என்று இலைத் தேநீரைக் கண்ணாடி ஜக்கில் வடித்து, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரித் தட்டுக்குப் பக்கத்தில் நானே வைத்தேன். அங்கேதான் தப்பு. திருவனந்தபுரத்தில் சீரகமோ பதிமுகப் பட்டையோ போட்டுக் கொதிக்க வைத்த குடிதண்ணீர் எல்லா வீட்டிலும் இப்படித்தான், நிறத்தோடு, இளஞ்சூட்டில், ஜக்கில் வரும்.

மாப்பிள்ளையின் தாய்மாமா மூன்று பழம்பொரி தின்றார். ஜக்கிலிருந்து தம்ளரை நிரப்பிக்கொண்டு வாசலுக்குப் போனார். வாய் நிறைய ஊற்றி, கொப்பளித்து, செம்பருத்திச் செடியில் துப்பினார்.

எனக்குப் புல்லரித்தது. அப்படியே பழவங்காடி முதலாளி! தேயிலை விவரம் தெரிந்த சம்பந்தம் அமைந்துவிட்டது என்று பூரித்து, ஓடிப்போய் மறுபடி நிரப்பிக் கொடுத்தேன். அதில் அவர் கை கழுவினார்.

அப்போது லேசாகச் சந்தேகம் வந்தது.

பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. என் மகள் ரம்யாவும் கதவிடுக்கில் நின்று எனக்குத் தலையாட்டிக் காட்டினாள். அப்புறமும் எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள். கால் மணி நேரம்.

"அண்ணாச்சி, டீ எப்ப வரும்?" என்றார் மாமா.

நான் ஜக்கைப் பார்த்தேன். பழம்பொரித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். டீ கொடுக்காமல் அனுப்பினால் சம்பந்தத்தில் விருப்பமில்லை என்றுதான் எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். மாமாவின் முகம் கறுத்தது.

"பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லேன்னா நேராச் சொல்லிரலாம்லா? ஊருக்கெல்லாம் டீ ஆத்துதீங்க, எங்களுக்கு ஒரு கிளாஸ் கிடையாதோ?" துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

கதவிடுக்கில் ரம்யாவின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும், வெளியாட்கள் முன்னால் வாழ்நாளில் முதல்முறையாகக் கத்தினேன்:

"நீங்க துப்புனதுதான் டீ!"

மாமா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"அப்போ... கை கழுவுனது?" என்றார் மாமா மெதுவாக.

"அதுவும்தான்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பிறகு அவன் அம்மா. கதவுக்குப் பின்னால் ரம்யா. மாமா மட்டும் சிரிக்காமல் ஜக்கில் மிச்சமிருந்ததை ஊற்றி, முகர்ந்து, ஒரு மிடறு குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்ணாச்சி, இது டீன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

அதற்குள் பகவதி பக்கத்து வீட்டில் பால் வாங்கி வந்திருந்தாள். செங்கல் நிறத்தில் எல்லோருக்கும் ஆற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் தேதி பேசினார்கள்.

கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. மாமா இப்போதும் எங்கள் வாசலிலேயே நின்று, தெருவுக்கே கேட்கும்படி கேட்பார்: "அண்ணாச்சி, இன்னைக்குக் குடிக்கவா, கொப்பளிக்கவா?"

கேட்டுவிட்டு உள்ளே வந்து மூன்று தம்ளர் இலைத் தேநீர் குடிப்பார். செம்பருத்திக்கு ஒரு சொட்டும் மிச்சம் வைப்பதில்லை.