தென்கடலில் எனக்குக் கிடைத்த ஞானஸ்நானம்

தங்கச்சிமடம்,
வியாழக்கிழமை

மூக்கையூரில் இருக்கும் என் அன்பு அக்கா சந்தியாகம்மாளுக்குத் தம்பி சிலுவைமுத்து எழுதிக்கொள்வது. இங்கன நானும் ஜோதிமேரியும் உசுரோட இருக்கோம். அங்கன நீயும் அத்தானும் ஒன் முழங்கால் வலியும் சௌக்கியமா இருப்பீங்கன்னு நம்புறேன். போன்ல சொன்னா நீ பாதியில ஒப்பாரி வச்சிருவ, அதான் காயிதம்.

மொதல்ல ஒரு வெக்கக்கேட்டச் சொல்லிர்றேன், யாராச்சும் வீடியோவைக் காட்டி நீ மயங்கி விழுகுறதுக்கு முன்னாடி. இந்த வயசுல எனக்கு ரெண்டாவது ஞானஸ்நானம் ஆயிருச்சு. நான் கேட்டு வாங்கலை. கட்டுன கைலியோட, மடியில பீடிக்கட்டோட.

எல்லாம் ஒன் ஞானமகன், என் பய சகாயவினோத்தால வந்தது. ராமநாதபுரத்துக் காலேஜ்ல மத்தியானச் சோத்து நேரத்துல மரத்தடியில பிள்ளைக கித்தாரை வச்சு ஜெபம் பண்ணுதுக, இவனும் போறான்னு சொன்னேன்ல, நீகூட "குடிக்கவா போறான், ஜெபந்தானல"ன்ன. அதை நடத்துறவரு ஜெபசிங்குன்னு கோயம்புத்தூர்க்காரரு, நல்ல மனுசன், பிள்ளைக அண்ணன் அண்ணன்னு உசுர விடுதுக. இப்பப் படிப்பு முடிஞ்சதும் இவன், "அய்யா, நானும் ஒடிசாவுக்குப் போயி அங்கன காலேஜ்ல இதே மாதிரிக் கூட்டம் நடத்தப் போறேன், ஞாயித்துக்கிழமை ரயில்"ங்கிறான். "ஏலே, அவுக பாசை தெரியுமா?"ன்னேன். "கத்துக்குவேன்"னான். "இங்கிலீசையே திருப்பித் திருப்பி எழுதித்தானல பாஸ் பண்ண?"ன்னேன். ஜோதிமேரி சிரிப்பாள்னு பாத்தேன். அடுப்படிக்குள்ள போயி முந்தானையில மூஞ்சியப் பொத்திக்கிட்டா. அன்னையிலருந்து குழம்புக்கு உப்பே போடுறதில்லை, கண்ணுத் தண்ணி போதும்னு விட்டுட்டா போல.

போறதுக்கு முன்னாடி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கணுமாம். "ஏலே, நீ பச்சைப்பிள்ளையா இருக்கப்பவே ஒங்க அத்தை ஒன்னத் தூக்கிப் பிடிச்சா, சாமியார் தலையில தண்ணி ஊத்துனாரு, நீ அவரு அங்கியில ஒண்ணுக்குப் போன, எல்லாம் முறையா முடிஞ்சது"ன்னு எடுத்துச் சொன்னேன். கேக்கலை. நேர்ல போயி நிறுத்துவோம்னு கடக்கரைக்குப் போனா, அந்த ஜெபசிங்கு தென்கடல்ல எறங்குறாரு! ஆடி மாசம் தென்மேக்கருந்து அடிக்கிற கச்சான் காத்துல தென்கடல் எப்படிக் கொந்தளிச்சுக் கெடக்கும்னு ஒனக்குத் தெரியும். தீவுக்கு அந்தப் பக்கம் வடகடல் அந்நேரம் குளமாட்டம் கெடக்கு. போட்டோவுக்கு இங்கனதான் தண்ணி பச்சையா அழகா இருக்காம். ஒன் ஞானமகனுக்குக் காத்தும் தெரியாது கடலும் தெரியாது, படகுல ஏறுனாலே வாந்தி. "அண்ணே, அங்கன எறங்காதீங்க!"ன்னு கத்துறேன். அவரு என்னைக் கையெடுத்துக் கும்புட்டு, "அய்யா, தகப்பனா உங்க வேதனை எனக்குப் புரியுது"ங்கிறாரு. "வேதனை கெடக்கட்டும்யா, கடல் இழுக்கும்!"னு சொல்லி முடிக்கலை, ஒரு அலை ஆளத் தூக்கிட்டுப் போயிருச்சு. குதிச்சேன். முடியப் புடிச்சேன். அந்த மனுசன் பயத்துல என் கழுத்தைக் கட்டிக்கிட்டு என்னையும் நல்லா முக்கி முக்கி எடுத்தாரு. தலை வெளிய வந்தா அல்லேலூயா பாடணும்னு பிள்ளைக பழகி வச்சிருக்குக போல, என் தலை வாரப்பல்லாம் பாடுதுக. ஒரு பிள்ளை அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டிருச்சு. அதுல நான் அவரைக் கரைக்கு இழுத்துட்டு வந்து காப்பாத்துனது இல்லை, கையைத் தூக்கிக்கிட்டு எந்திரிக்கிறது மட்டும் இருக்கு. இப்ப திருவிழாச் சப்பரத்தைத் தோள்ல தூக்குறப்ப முன்கொம்பு எனக்கு இல்லையாம். "சிலுவைமுத்து சபை மாறிட்டாரு, அவருக்கு எதுக்குச் சிரமம்"ங்கிறாங்க கோயில்காரங்க. நம்ம அய்யா தோள்ல கெடந்த கொம்பு அக்கா அது.

பயலோட ஞானஸ்நானத்தை ஏன் கேக்குற. இன்னொரு ஆளையும் கடல் இழுக்கக் கூடாதேன்னு நான்தான் அவுகள வடகடலுக்குக் கூட்டிட்டுப் போனேன், அங்கனதான் பயல முக்கி எடுத்தாக.

வீட்ல சோறு திங்கிறப்ப கேக்குறான், "அய்யா, அண்ணன் எந்த ஊரு, எந்தச் சபைன்னு பாத்தா குதிச்சீங்க? நானும் அப்படித்தான்யா போறேன்." எனக்கு வாயடைச்சுப் போச்சு. கல்யாணமான நாள்லருந்து ஜோதிமேரி முயற்சி பண்ணி நடக்காத காரியம்.

விளையாட்டு போதும்க்கா. ஒத்தைப் பிள்ளை. அவன் போயிட்டா நான் யாரைக் கேலி பண்ணுவேன்? ஜோதிமேரியைப் பண்ணா அழுகுறா. மீனைப் பண்ணா அதுக்கு விளங்கலை. நீ அவனுக்கு ஞானத்தாய், ஒன் சொல்லத் தட்ட மாட்டான். சனிக்கிழமைக்குள்ள பஸ் ஏறி வா. அழு, மயங்கி விழு, ஒனக்கு எது நல்லா வருமோ அதைச் செய்யி. அவனை நிறுத்து.

அத்தானுக்கு என் தோத்திரம். சந்தியாகப்பர் குதிரையோட வந்து ஒங்க வீட்டுக்குக் காவல் நிக்கட்டும், குதிரைக்குத் தீனி நீ பாத்துக்க.

இப்படிக்கு,
ரெண்டு ஞானஸ்நானம் வாங்குன தம்பி
சிலுவைமுத்து

பின்குறிப்பு: இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. காயிதம் சட்டைப்பையிலயே இருந்துச்சு, தபால்ல போடலை. மறந்துட்டேன்னு சொன்னா நீ நம்ப மாட்ட. நீ வர வேணாம்க்கா. காலையில நானே அவனை வண்டியில வச்சு ராமேஸ்வரம் ஸ்டேசன்ல ஏத்திவிட்டுட்டேன். நீ குடுத்துவிட்ட சீலாக் கருவாட்டை வச்ச கட்டைப்பையையும் கையில குடுத்தேன். "என்னய்யா இம்புட்டுக் கனம்?"னான். "ஒங்க அத்தை பாசம்ல, கனமாத்தான் இருக்கும்"னேன். ரயில் மறையிற வரைக்கும் நின்னுட்டு வந்தேன். வீட்ல கருவாட்டுப் பை கதவுக்குப் பின்னாடி தொங்குது. பக்கத்துல தொங்குன பை, வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு வச்சிருந்தது, அதைக் காணோம். குண்டு இல்லாம வலை எறங்காது, நாளைக்குக் கடலுக்குப் போகலை.